கோஹிமா: டென்னிஸ் கோர்ட்டில் நடந்த போர்

ஒரு டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. டிவியில் பார்க்கிறோமே, பந்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக ஒரு நொடிகூட ஆவதில்லை. 1944 ஏப்ரலில் கோஹிமாவில் அப்படியொரு கோர்ட்டின் ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையும் மறுபக்கம் ஜப்பானியப் படையும் குழி வெட்டி உட்கார்ந்திருந்தன. பந்துக்குப் பதிலாகக் கையெறி குண்டுகள் பறந்தன. அந்த மாவட்டத்தின் துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களாத் தோட்டத்தில் இருந்த கோர்ட் அது. இன்று அங்கே பங்களாவும் இல்லை, வலையும் இல்லை. போர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே, கோர்ட் இருந்த இடத்தைக் காட்டும் வெள்ளைக் கோடுகள் மட்டும் இருக்கின்றன.

திமாப்பூரிலிருந்து கோஹிமா சுமார் 70 கிலோமீட்டர். சாலை ஏறிக்கொண்டே போகிறது, காதடைக்கிறது. திமாப்பூரில் அன்று பிரிட்டிஷாரின் மாபெரும் சரக்குக் கிடங்கும் ரயில் நிலையமும் இருந்தன. அங்கிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்குப் போகும் ஒற்றைச் சாலைதான் எல்லைப் படைகளுக்குச் சோறு போட்டது. இந்தச் சாலையின் கழுத்தைப் பிடித்தால் இம்பால் மூச்சுத் திணறும். ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சியின் கணக்கு அதுதான்.

அவர் அனுப்பிய 31ஆவது டிவிஷனுக்குத் தலைவர் ஜெனரல் சாட்டோ. 1944 மார்ச் நடுவில் சிந்துவின் ஆற்றைக் கடந்த அவருடைய வீரர்கள் மூன்று வார உணவை மட்டும் முதுகில் சுமந்துகொண்டு காட்டு மலைகளில் ஏறினார்கள். கறிக்கு ஆகுமென்று மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த மலைகளைத் தாண்டி ஒரு சிறு படைதான் வர முடியும் என்று பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் நினைத்திருந்தார். வந்ததோ ஒரு முழு டிவிஷன்.

ஏப்ரல் 4 அன்று முற்றுகை தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் சுமார் 2,500 பேர். அதில் ஏறக்குறைய 1,000 பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியனும் அஸ்ஸாம் ரெஜிமெண்டும் அஸ்ஸாம் ரைஃபிள்ஸும் நேபாளத்தின் ஷேர் ரெஜிமெண்டும் அங்கே இருந்தன. வெளியே 12,000 பேருக்கு மேல். குடிநீர் இருந்த இடம் எதிரியின் கைக்குப் போனதால் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்கூடத் தேறவில்லை. விமானங்கள் போட்ட தண்ணீரிலும் தோட்டாக்களிலும் ஒரு பகுதி ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தது. ஏப்ரல் 18 அன்று பஞ்சாப் ரெஜிமெண்ட் வீரர்கள் வழியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, மரங்களில் இலையே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பாரசூட் துணிகள் மட்டும் கிளைகளில் தொங்கினவாம்.

முற்றுகை உடைந்ததே தவிர போர் முடியவில்லை. மே 13 அன்று ஒரு டாங்கை மலைமேல் இழுத்துக்கொண்டு வந்து, கோர்ட்டுக்குள் இறக்கி, எதிர் ஓரத்துப் பதுங்குகுழிகளைச் சுட்டுத் தள்ளிய பிறகுதான் அந்த 78 அடி கைமாறியது. இம்பால் சாலை முழுதாகத் திறந்தது ஜூன் 22 அன்று. பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து சுமார் 4,000 பேர். ஜப்பானியத் தரப்பில் 5,700க்கும் மேல். திரும்பிப் போகும் வழியில் பசியிலும் நோயிலும் விழுந்தவர்கள் தனிக்கணக்கு.

அந்தப் பின்வாங்கலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சொன்ன அரிசி வரவில்லை, குண்டும் வரவில்லை. மே கடைசியில் சாட்டோ மேலிடத்து உத்தரவை மீறித் தன் ஆட்களைத் திருப்பிக்கொண்டு போனார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி இப்படிச் செய்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ராணுவ நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். பேசவிட்டால் வம்பு என்று மேலிடத்துக்குத் தெரியாதா என்ன? மனநிலை சரியில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

கல்லறைத் தோட்டம் படிப்படியாக மேலேறுகிறது. புல் ஒட்ட வெட்டியிருக்கிறது, ஒவ்வொரு தாழ்வான கல்லின் மேலும் வெண்கலத் தகடு. மொத்தம் 1,420 கல்லறைகள். பெயர், வயது, ரெஜிமெண்ட், கீழே சிலவற்றில் வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி. இருபது, இருபத்தொன்று, இருபத்துமூன்று என்று வயதைப் படித்துக்கொண்டே போனேன். நம் ஊரில் கல்லூரி முடித்து வேலை தேடும் வயசு. கூட வந்த நண்பன் நாலாவது வரிசைக்கு மேல் படிக்கவில்லை. "போதும்டா, முடியல" என்று படியில் உட்கார்ந்துவிட்டான்.

உச்சியில் இருப்பது தகன நினைவிடம். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. இவர்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை, வீட்டார் எழுதிய வரியும் இல்லை. அவரவர் மரபுப்படி எரித்ததால் கல்லறை இல்லை என்பது சரியான காரணம்தான். ஆனாலும் கீழே நின்று படிக்கும் கண்ணுக்கும் மேலே நின்று படிக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கீழே ஒரு மகனைப் பார்க்கிறோம். மேலே ஒரு பட்டியலைப் பார்க்கிறோம்.

எங்களைக் கூட்டிவந்த ஓட்டுநர் அங்காமி நாகா. அவர் ஹிந்தியில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "எங்க பாட்டி அப்போ சின்னப் பொண்ணு. காட்டுல ஒளிஞ்சிருந்தாங்க. திரும்பி வந்து பார்த்தா வீடு இல்ல, நெல்லு இல்ல. சண்டை எங்களோடது இல்ல சார், ஊரு மட்டும் எங்களோடது." நாகர்கள் சுமை தூக்கினார்கள், வழி காட்டினார்கள், காயம்பட்டவர்களைக் குண்டு மழைக்குள் சுமந்து வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் இரண்டாவது டிவிஷனின் நினைவுக் கல்கூட நாகர்கள் தங்கள் வழக்கப்படி நட்டுவைக்கும் பெருங்கல்லின் சாயலில் இருப்பதுதான். அதை மலைமேல் இழுத்து வந்தவர்களும் அவர்களே. அதில் பொறித்த புகழ்பெற்ற வாசகத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லை இழுத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் இந்தப் போர் சுபாஷ் சந்திர போஸ் பாடத்தில் ஓரிரு வரியாக வந்துபோனது. ஜப்பானியரோடு சேர்ந்து அந்த எல்லைக்கு வந்த ஐ.என்.ஏ.வில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் நின்றதும் இந்தியப் படைதான். ஒருவனை விடுதலை அழைத்தது, இன்னொருவனைச் சம்பளமும் சத்தியமும் அழைத்தன. இதில் யார் நம்மவர் என்று கேட்டால் நான் இருவரையும்தான் சொல்வேன். ஒருவரைத் தியாகி என்றும் மற்றவரைக் கூலிப்படை என்றும் பிரித்துவிடுவது ஃபேஸ்புக்கில் சுலபம். 917 பெயர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல நாக்கு வராது.

தமிழர்களுக்கு இந்தப் போரோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கு அனுப்பத்தான் சயாம்-பர்மா ரயில் பாதை போடப்பட்டது. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. அதாவது சாட்டோவின் ஆட்கள் சிந்துவினைக் கடப்பதற்கு ஐந்து மாதம் முன்பு. அந்தப் பாதையில் செத்த போர்க் கைதிகள் 12,000க்கும் மேல். அவர்களில் ஏராளமானோருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கோஹிமாவைப் போலவே அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. செத்துப்போன ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை, கோஹிமா உச்சியில் இருப்பது போன்ற ஒரு பட்டியல்கூடக் கிடைக்கவில்லை.

அதனால்தான் பட்டியலைப் பற்றிய என் மனக்குறையைப் பிறகு கொஞ்சம் அடக்கிக்கொண்டேன். பட்டியல் என்பது குறைந்தபட்ச மரியாதை. அதற்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர் எழுதியிருக்க வேண்டும். கைதிகளுக்கு அது நடந்தது, கூலிகளுக்கு நடக்கவில்லை. மலேயா போய்த் திரும்பாத தாத்தா, பெரியப்பா என்று தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துக் குடும்பங்களில் இன்னமும் யாராவது பேச்சுவாக்கில் சொல்வார்கள். அடுத்த முறை சொன்னால் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வேறு எங்கும் எழுதப்படாமலே இருக்கலாம்.