சோளமும் கணனியும்: காப்புரிமை வரலாற்றின் ஓர் அத்தியாயம்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் தனிமனிதரின் மேதைமை பற்றிய வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காப்புரிமைச் சட்டம் இந்நோக்கிற்குச் சட்டவடிவம் தருகின்றது: ஒரு கண்டுபிடிப்பு, ஒரு கண்டுபிடிப்பாளர், ஓர் உரிமைப் பத்திரம். ஆயின், உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியைச் சமூக நிகழ்வாக நோக்குவோர்க்கு இம்மூன்றும் அவ்வளவு எளிதில் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநில அரச கல்லூரியோடு தொடர்புற்ற இரு படைப்புகளின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். ஒன்று கலப்பினச் சோளம். மற்றையது இலத்திரன் கணனி.

சோளத்தை முதலில் நோக்குவோம். தன்மகரந்தச் சேர்க்கையால் நலிவுற்ற இரு தூய வழிகளை இணைக்கும்போது வீரியம் மிக்க பயிர் தோன்றுவதை 1908 இல் ஜோர்ஜ் ஷல் எடுத்துக்காட்டினார். கனெற்றிக்கட் விவசாயப் பரிசோதனை நிலையத்தில் பணியாற்றிய டொனால்ட் ஜோன்ஸ், நான்கு தூய வழிகளைப் பயன்படுத்தும் இரட்டைக் கலப்பு முறையை 1917 அளவில் வகுத்து, கலப்பின விதையை வணிகத்திற்கு ஏற்றதாக்கினார். அயோவா கல்லூரியின் பழைய மாணவரான ஹென்றி வாலஸ் 1926 இல் கலப்பினச் சோள விதைக் கம்பனியொன்றை நிறுவினார். பின்னர் 'பயனியர்' எனப் பெயர்பெற்றது அதுவே.

1930 இல் நிறைவேறிய தாவரக் காப்புரிமைச் சட்டம் ஒட்டு, பதியம் போன்ற முறைகளாற் பெருக்கப்படும் தாவரங்களுக்கே உரியது. விதைவழிப் பெருகும் சோளம் அதனுள் அடங்கவில்லை. எனினும் விதைக் கம்பனிகளுக்குச் சட்டத்தின் துணை அப்போது அத்துணை தேவைப்படவில்லை. கலப்பினப் பயிரின் மணியைச் சேமித்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் வீரியம் குன்றும். எனவே விவசாயி ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்கியேயாக வேண்டும். தன் விளைச்சலிலேயே தன் விதையைக் கண்ட உழவன் விதைச் சந்தையின் நிரந்தர வாடிக்கையாளனானான். உயிரியலே இங்கு பூட்டாக அமைந்தது. கலப்பின முறை ஏனைய இனவிருத்தி முறைகளைவிட விரும்பப்பட்டமைக்கு இப்பண்டத்தன்மையே முக்கிய காரணம் என றிச்சர்ட் லெவொன்ரினும் ஜோன்-பியர் பேர்லானும் வாதிட்டுள்ளனர். அயோவாவில் கலப்பினச் சோளத்தின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர நான்கு ஆண்டுகளே சென்றன.

இனவிருத்தி என்பது வயல் வேலை மாத்திரமன்று. அது கணக்கு வேலையுமாகும். எத்தனையோ வழிகளின் விளைச்சலை ஒப்பிட்டு, இயல்புகளுக்கிடையிலான இணைபுகளைக் கணிக்க வேண்டியிருந்தது. 1924 இல் வாலஸ் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைகளில் இக்கணிப்பு முறைகளைக் கற்பித்தார். மறு ஆண்டில் அவரும் ஜோர்ஜ் ஸ்னெடெக்கரும் இணைந்து, இயந்திரங்களின் துணையோடு இணைபுகளைக் கணித்தல் பற்றிய சிறுநூலொன்றை வெளியிட்டனர். 1933 இல் அங்கு புள்ளிவிபர ஆய்வுகூடம் உருவாயிற்று. அக்கல்லூரியிற் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்த ஜோன் அற்றனசொவ், புள்ளிவிபரவியலாளர் பிராண்டுடன் சேர்ந்து ஐ.பி.எம். துளையட்டை இயந்திரத்தைப் பௌதிகக் கணிப்புக்குப் பயன்படுத்தியமை இச்சூழலிலேயாகும். கணனியின் தோற்றுவாயை யுத்தத் தேவைகளில் மட்டும் தேடுவோர் சோள வயலின் இக்கணக்கையும் மனங்கொள்ளல் வேண்டும்.

துளையட்டை இயந்திரம் போதாமையால் அற்றனசொவ் புதிய இயந்திரமொன்றை வகுத்தார். 1939 இல் கல்லூரி வழங்கிய 650 டொலருடன் பட்டதாரி மாணவரான கிளிபர்ட் பெரியும் அவரும் மாதிரியொன்றை அமைத்தனர். துவித எண்களையும் வெற்றிடக் குழாய்களையும் பயன்படுத்தி, 29 தெரியாக்கணியங்கள் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பதே முழு இயந்திரத்தின் நோக்கமாயிருந்தது. 1941 இல் நியூ யோர்க்கின் 'றிசேர்ச் கோப்பரேஷன்' அதற்கு 5,330 டொலர் வழங்கியது. காப்புரிமை வருவாயைக் கொண்டு ஆய்வுகளுக்கு உதவுவதற்கென 1912 இல் அமைந்த நிறுவனம் அது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜோன் மோச்லி ஏம்ஸ் நகருக்கு வந்து இயந்திரத்தைப் பார்வையிட்டார். 1942 இல் அற்றனசொவ் கடற்படை ஆய்வுகூடத்திற்குச் சென்றார். காப்புரிமை விண்ணப்பம் ஒருபோதும் சமர்ப்பிக்கப்படவில்லை. 1948 இல் இயந்திரமும் கழற்றப்பட்டது.

இதே 'றிசேர்ச் கோப்பரேஷன்' சோளத்தின் வரலாற்றிலும் இடம்பெறுகின்றது. கலப்பின விதை உற்பத்தியில் தாய்ச்செடியின் ஆண் பூந்துணரைக் கையால் நீக்குவதற்குக் கோடைதோறும் பெருந்தொகையான கூலியாட்கள் தேவைப்பட்டனர். குழியவுருவழி வரும் ஆண்மலட்டுத் தன்மையையும், அதனை மீட்கும் பரம்பரையலகுகளையும் இணைத்து இவ்வுழைப்பைத் தவிர்க்கும் முறைக்கு 1956 இல் ஜோன்ஸ் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை 'றிசேர்ச் கோப்பரேஷ'னிடம் சேர்ந்தது. பொதுப்பணத்தில் வளர்ந்த அறிவுக்குத் தனியுரிமையா என்ற எதிர்ப்பு எழுந்தது. விதைக் கம்பனிகள் முறையைக் கையாண்டன. கட்டணம் செலுத்த மறுத்தன. வழக்கு 1970 இல் இணக்கத்தில் முடிந்தது. அதே ஆண்டு, நாடெங்கும் ஒரே குழியவுருவைத் தாங்கிய சோளத்தை இலைக்கருகல் நோய் தாக்கி, விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அழித்தது.

கணனியின் கதை வேறு திசையிற் சென்றது. இராணுவப் பணத்தில் மோச்லியும் எக்கேட்டும் அமைத்த 'எனியாக்' இயந்திரத்திற்கு 1964 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் உரிமையாளரான ஸ்பெரி றான்ட் கம்பனி ஏனைய உற்பத்தியாளரிடம் கட்டணம் கோரியது. ஹனிவெல் கம்பனி நீதிமன்றம் சென்றது. 1973 ஒக்ரோபர் 19 இல் நீதிபதி ஏர்ல் லார்சன் அக்காப்புரிமை செல்லாதெனத் தீர்ப்பளித்தார். விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேலாக இயந்திரம் பயன்பாட்டிலிருந்தது ஒரு காரணம். அடிப்படைக் கருத்து அற்றனசொவிடமிருந்து பெறப்பட்டது மற்றொரு காரணம். இலத்திரன் கணனி எவருக்கும் தனியுடைமையாகாது போயிற்று. இதனை நீதியின் வெற்றியெனக் கொண்டாடுவோர், பொதுவுடைமையான இவ்விளைவு இரு மூலதனங்களின் போட்டியிலிருந்தே பிறந்தது என்பதை மறந்துவிடலாகாது.

விதையோ படிப்படியாக அடைக்கப்பட்டது. 1970 இன் தாவர வகைப் பாதுகாப்புச் சட்டம் விவசாயி விதை சேமிக்கவும் ஆய்வாளர் பயன்படுத்தவும் இடமளித்தது. 1980 இல் சக்கரவர்த்தி வழக்கில், மனிதர் உருவாக்கிய நுண்ணுயிருக்குக் காப்புரிமை உண்டென உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. 1985 இல் சோளத் தாவரத்திற்கே பொதுக் காப்புரிமை ஏற்கப்பட்டது. 2001 இல் தனது 17 காப்புரிமைகளை முன்வைத்து வழக்காடி வென்ற கம்பனி, வாலஸ் நிறுவிய அதே பயனியர். இப்புதிய உரிமையில் விவசாயிக்கோ ஆய்வாளருக்கோ மேற்கூறிய விலக்குகள் இல்லை.

1950களில் ஜோன்ஸின் காப்புரிமையை ஏற்க மறுத்த அதே துறை, அரை நூற்றாண்டின் பின் காப்புரிமையைத் தன் அரணாக்கிக்கொண்டது. இதனைக் கொள்கை மாற்றம் என்பதிலும் நிலை மாற்றம் என்பதே பொருந்தும்: பொது அறிவை உள்வாங்கும் கட்டத்தில் மூலதனம் பொதுமையை நாடுகின்றது; உள்வாங்கி முடித்தபின் வேலியை நாடுகின்றது. சோளத்தை முதன்முதல் பண்படுத்திய மெக்சிக்க உழவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. யார் கண்டுபிடித்தார் என்ற வினாவோடு நின்றுவிடாது, யாருடைய உழைப்பு எந்தக் கட்டத்தில் யாருடைய சொத்தாக மாறிற்று என்று வினவுவதே விஞ்ஞான வரலாற்றாசிரியரின் கடமையாகும்.