மூட்டின் உட்சவ்வு

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனை உழைப்பாளர் செறிந்து வாழும் பகுதி. பொதி சுமப்போர்க்கும், தையற்பொறி மிதிப்போர்க்கும், பகல் முழுதும் கடையில் நிற்போர்க்கும் கைகால் மூட்டுக்களே முதல். முழங்கால் மடங்காத நாளில் வருவாயும் இல்லை. ஆகலின், மூட்டுநோவின் வரலாறு இத்தகையோர்க்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

1965ஆம் ஆண்டில் இலங்கையிற் பரவிய ஒரு காய்ச்சலுக்குச் சிக்குன்குன்யா வைரசே காரணம் என்பதை ஆய்வாளர் கண்டனர். ஆபிரிக்காவின் தங்கனீக்காவில் 1952-53ஆம் ஆண்டுகளில் முதன்முதல் இனங்காணப்பட்ட நோய் அது. உடலை வளைத்து முறுக்குவது என்பதே அப்பெயரின் பொருள். 2006ஆம் ஆண்டின் இறுதியில் அது மீண்டும் தோன்றிக் கொழும்பு உட்படப் பல மாவட்டங்களைப் பீடித்தது. 2025ஆம் ஆண்டிலும் பரவியது. காய்ச்சல் சில நாளில் நீங்கிற்று. மூட்டுநோவோ, சிலரிடம் மாதக்கணக்காக நிலைத்தது. காய்ச்சல் போனபின் நோவு எங்கே குடியிருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண, மருத்துவ வரலாற்றிற் பல நூற்றாண்டுகள் பின்செல்லுதல் வேண்டும்.

மூட்டினுள் முட்டை வெண்கருவை ஒத்த நெய்ப்பான நீர்மம் சிறிதளவு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பராசெல்சசு அதனைச் சைனோவியா என அழைத்தார். அந்நீர்மம் எங்கிருந்து சுரக்கின்றது என ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் குளொப்ரன் ஏவர்சு, மூட்டிலுள்ள கொழுப்பு மடிப்புக்களே அதற்குரிய சுரப்பிகள் என 1691இல் எழுதினார். 1800ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பிசா என்பார், மூட்டின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் சவ்வைத் தனி வகையாக வகுத்தார். உடலின் இழையங்களைப் பிரித்தறிந்த அப்பேரறிஞர் நுணுக்குக்காட்டியை நம்பாதவர் என்பது வியப்பிற்குரியது. அதே ஆண்டில், அதே நகரில், இலாந்திரே போவே என்னும் இளைஞர் கைவிரல் மூட்டுக்களை உருக்குலைக்கும் ஒரு வாதநோயை விவரித்தார். அதற்கு முடக்குவாதம் எனப் பொருள்படும் இன்றைய ஆங்கிலப் பெயரை இலண்டன் மருத்துவர் கரொட் 1859இற் சூட்டினார்.

சவ்வின் நுண்ணமைப்பைத் தெளிவாகக் காட்டியது இலத்திரன் நுணுக்குக்காட்டி. மனித மூட்டுச் சவ்வைப் பற்றி 1962இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், அதன் கலங்கள் இருவகைப்பட்டன எனத் தெரிந்தது. ஒரு வகை, கழிவை விழுங்கித் துப்புரவு செய்வது. மற்றது, நீர்மத்துக்கு வழுவழுப்பை அளிக்கும் பொருளை ஆக்குவது. நலமுள்ள மூட்டில் இக்கலங்கள் ஒன்று முதல் மூன்று அடுக்குகளே. அவற்றின் கீழே குருதி நுண்குழாய்கள் ஓடுகின்றன. உடலின் ஏனைய பல போர்வைகளுக்குக் கீழே காணப்படும் அடித்தளச் சவ்வு இங்கே இல்லை. அதனால் ஊட்டச்சத்து எளிதாக உட்புகுந்து, குருதிக்குழாயற்ற கசியிழையத்தை வாழ்விக்கின்றது. ஆனால், வேலியில்லாத வளவுக்குள் நல்லாரும் நுழைவர், பொல்லாரும் நுழைவர்.

முடக்குவாதத்தில் இம்மெல்லிய அடுக்கு பத்துக்கு மேற்பட்ட அடுக்குகளாகத் தடிக்கின்றது. அதன் கீழே, நோயெதிர்ப்புக்குரிய வெண்கலங்கள் திரளுகின்றன. புதிய குருதிக்குழாய்கள் கிளைக்கின்றன. பின்னர், அத்தடித்த சவ்வு துணி விரித்தாற்போலக் கசியிழையத்தின்மேற் படர்ந்து, அதனையும் என்பையும் அரிக்கின்றது. நோயின் பிறப்பிடம் என்பன்று, அதனை அடுத்த சவ்வே என்பது இதனாற் புலனாயிற்று. பஞ்சாப்பிற் பிறந்த இரவீந்தர் மைனியும் மார்க் பெல்ட்மனும் இலண்டன் கெனடி நிறுவனத்தில் இச்சவ்வை ஆராய்ந்தனர். அழற்சியைத் தூண்டும் டி.என்.எவ். என்னும் புரதத்தை அடக்கும் மருந்தை 1992இல் நோயாளரிடம் சோதித்து, அது பயன் தரக் கண்டனர்.

சிக்குன்குன்யா நோவுக்கும் விடை அச்சவ்விலேயே கிடைத்தது. 2005-06ஆம் ஆண்டுகளில் இந்து சமுத்திரத்திலுள்ள இறியூனியன் தீவில் மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரை அந்நோய் பற்றிற்று. காய்ச்சல் நீங்கி ஓராண்டுக்கு மேலாகியும் நோவுற்ற ஒருவரின் மூட்டுச் சவ்வை ஆய்ந்தோர், குருதிக்குழாய்களைச் சூழ்ந்த விழுங்கு கலங்களில் வைரசின் எச்சங்களைக் கண்டு 2010இல் வெளியிட்டனர்.

சிக்குன்குன்யாவின் மூட்டுநோவு பெரும்பாலாரிடம் படிப்படியாகத் தணியும். முடக்குவாதமோ, கவனியாது விட்டால் மூட்டை அரித்துக்கொண்டே செல்லும். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். காலையில் நெடுநேரம் மூட்டுக்கள் விறைத்திருத்தலும், வீக்கம் பல வாரம் வற்றாதிருத்தலும் முதுமையின் இயல்பென்றோ, பழைய காய்ச்சலின் மிச்சமென்றோ தள்ளத்தக்கன அல்ல. தடித்த சவ்வை மருந்தால் தணிக்கலாம். அரிக்கப்பட்ட கசியிழையம் முன்போல் வளர்வதில்லை. மருத்துவரை நாடுதற்குரிய காலம், சவ்வு வீங்கிய காலமே. என்பு தேய்ந்த காலம் அன்று.