நத்தைக்கு என்ன சாப்பாடு?



இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகள் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "மாமா, பையன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெரிய ஆப்பிரிக்க நத்தையை வளர்க்கக் கொண்டுவந்திருக்கிறான். அதற்கு என்ன சாப்பாடு கொடுக்கணும்?" அங்கே பல ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பறைச் செல்லப்பிராணியே நத்தைதானாம். குரைக்காது, கடிக்காது, தினமும் நடத்திக்கொண்டு போகவும் வேண்டாம். ஆசிரியருக்கு நிம்மதி!

வரலாற்று வாத்தியாரிடம் எதைக் கேட்டாலும் வரலாறு வரும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் நேர் விடையைச் சொல்லிவிடுகிறேன். பொறுமை உள்ளவர்கள் மீதியையும் படியுங்கள்.

வெள்ளரி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, முட்டைக்கோஸ், ஆப்பிள் எல்லாம் கொடுக்கலாம். வெறும் லெட்டூஸ் இலையையே தினமும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. நன்றாகக் கழுவிக் கொடுக்க வேண்டும். பூச்சிமருந்து பட்ட இலை நத்தைக்கு நஞ்சு. உப்பு பட்ட பண்டம் எதுவும் கூடாது. உப்பு அதன் உடம்பிலிருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிடும். புளிப்புப் பழங்களும் வேண்டாம். இரவில்தான் அது மேயும். ஆகவே மாலையில் வைத்து, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சுண்ணாம்புச் சத்து. நத்தையின் ஓடு முழுக்க அதுதான். உணவில் சுண்ணாம்பு குறைந்தால் ஓடு மெலிந்து உடையும். கணவாய் மீனின் உள் ஓட்டை ஒரு துண்டு கூட்டில் போட்டு வைத்தால் போதும், தேவைப்படும்போது சுரண்டித் தின்னும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதுதான். கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்து வைக்கலாம்.

இனி வரலாறு.

நத்தைக்குத் தீனி போட்டு வளர்ப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. கி.மு. 49இல் ஜூலியஸ் சீசருக்கும் பாம்பேக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அதற்குச் சற்று முன்பு, இத்தாலியில் டார்க்வினியாப் பக்கம் புல்வியஸ் லிப்பினஸ் என்பவர் முதன்முதலில் நத்தைப் பண்ணை அமைத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவர் அவற்றை இனம் இனமாகப் பிரித்து வைத்தாராம். ரியாட்டே ஊர் வெள்ளை நத்தை தனி. அளவில் பெரிய இல்லிரிய நத்தை தனி. அதிகம் குட்டி போடும் ஆப்பிரிக்க நத்தை தனி. (குட்டி என்பது பேச்சு வழக்கு, அவை முட்டைதான் இடும்.) திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்த பாகில் மாவைக் கலந்து தீனியாகக் கொடுத்தார்கள். ரோமானியச் சமையல் நூலான அபீசியஸில் இன்னொரு முறை இருக்கிறது: முதல் நாள் பாலும் உப்பும், அடுத்த நாட்களில் பால் மட்டும், நத்தை கொழுத்து ஓட்டுக்குள் நுழைய முடியாத அளவுக்கு வந்ததும் எண்ணெயில் பொரிக்க வேண்டும். நாம் செல்லத்துக்குக் கேட்கிற கேள்வியை அவர்கள் சாப்பாட்டுத் தட்டுக்காகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

ரோமானியரில் வாரோ என்றொரு அறிஞர். வேளாண்மை பற்றி எழுதியவர். நத்தைப் பண்ணையைச் சுற்றி முழுக்கத் தண்ணீர் இருக்க வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் ஓடிப்போன நத்தைகளைத் தேடிப் பிடிக்க ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்று கிண்டலும் செய்கிறார். இந்தத் தண்ணீர் வேலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீனி போடுகிறவன் வேலியும் போட வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் தீனியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வேலியை மறந்துபோனார்கள்.

தங்கை மகள் வீட்டில் இருக்கும் அந்த நத்தையின் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. ஓட்டின் நீளம் 20 சென்டிமீட்டர் வரை வளரும். அங்கிருந்து மடகாஸ்கர், பிறகு மொரீஷியஸ் என்று மனிதர்களோடு பயணம் செய்தது. 1847இல் வங்காளத்தில் ஆங்கிலேய அரசுப் பணியில் இருந்தவரும், நத்தை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவருமான வில்லியம் பென்சன், மொரீஷியஸிலிருந்து சில உயிர் நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஊரை விட்டுப் போகும்போது அவற்றை நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். நண்பர் சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டார். இந்தியாவில் இந்த நத்தையின் கதை அந்தத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் அது பரவிவிட்டது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் 1970களில் தென்பட்டது. இன்று மழைக்காலம் வந்தால் அங்கே பல ஊர்களில் சுவரெல்லாம் இதுதான். நம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் இதைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய தொல்லை? விடை சாப்பாட்டில்தான் இருக்கிறது. குறைந்தது 500 வகைச் செடிகளைத் தின்னும். வாழை, பப்பாளி, காய்கறி, பூச்செடி எதையும் விடாது. சுண்ணாம்பு போதவில்லை என்றால் வீட்டுச் சுவரின் பூச்சையே சுரண்டித் தின்னும். ஆண்டுக்கு 1,200 முட்டை வரை இடும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், எந்த இரண்டு சேர்ந்தாலும் இரண்டுமே முட்டையிடலாம்.

1966இல் அமெரிக்காவின் மயாமி நகரத்துச் சிறுவன் ஒருவன் ஹவாய்த் தீவுக்குப் போய்த் திரும்பும்போது மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். எந்தப் பாட்டியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஏழே ஆண்டுகளில் 18,000க்கு மேல் நத்தைகள். அவற்றை ஒழித்துக் கட்ட அரசாங்கத்துக்குச் சுமார் பத்து ஆண்டும், பத்து லட்சம் டாலரும் ஆயிற்று. 2011இல் அதே மயாமியில் மறுபடியும் தலைகாட்டியது. இரண்டாம் முறை ஒழித்தாயிற்று என்று அறிவிக்க 2021 ஆகிவிட்டது. அதற்குள் 1,68,000 நத்தைகளைப் பொறுக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் இந்த நத்தையை வளர்ப்பதே சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் தடை இல்லை.

இதுவரை சொன்னது பயிர் நஷ்டம், பண நஷ்டம். இனிச் சொல்லப்போவது ஈடு செய்ய முடியாத நஷ்டம்.

ஹவாய்த் தீவுகளுக்கு ஆப்பிரிக்க நத்தை வந்தது 1936இல். அதை எப்படி ஒழிப்பது என்று யோசித்தவர்கள், நத்தையைத் தின்னும் நத்தை ஒன்றை 1955இல் புளோரிடாவிலிருந்து இறக்கினார்கள். ஓநாய் நத்தை என்று அதற்குப் பெயர். மற்ற நத்தை போன தடத்தின் சளியை மோப்பம் பிடித்து, விரட்டிப் போய்த் தின்னும். இதே வைத்தியத்தை 1977இல் பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள மூரியாத் தீவிலும் செய்தார்கள்.

ஓநாய் நத்தை வந்தது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆப்பிரிக்க நத்தையைவிட, மரங்களில் சாதுவாக வாழ்ந்த உள்ளூர்ச் சிறு நத்தைகள் அதற்கு எளிதாகக் கிடைத்தன. மூரியாவில் இருந்த பார்ட்டுலா என்ற மர நத்தைகள், பரிணாமம் படிப்பவர்களுக்குப் பாடப்புத்தகம் போன்றவை. ஹென்றி கிராம்ப்டன் என்ற அமெரிக்க அறிஞர் தன் வாழ்நாளின் பெரும் பகுதியை அவற்றுக்காகவே செலவிட்டார். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஓட்டின் நிறமும் சுருளும் மாறும். பத்தே ஆண்டுகளில் மூரியாக் காட்டில் அவை ஏறக்குறைய அற்றுப்போயின.

நல்ல வேளையாக, ஆய்வாளர்கள் கொஞ்சத்தைப் பிடித்துக் கொண்டுபோய் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து போன்ற இடங்களின் ஆய்வகங்களிலும் விலங்குக் காட்சிச் சாலைகளிலும் வைத்திருந்தார்கள். தங்கை மகள் என்னிடம் கேட்ட அதே கேள்வி அங்கே ஓர் இனத்தின் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது: இதற்கு என்ன சாப்பாடு?

இவை ஆப்பிரிக்க நத்தை போல் கண்டதையும் தின்பவை அல்ல. காட்டில் இலைமேல் படியும் பாசி, பூஞ்சை, அழுகும் இலை, இவைதான் உணவு. ஒரு முறைக்கு ஒரு குஞ்சு என்ற கணக்கில்தான் ஈனும். ஆகவே ஒன்று செத்தாலும் நஷ்டம். பராமரிப்பவர்கள் ஓட்ஸ் மாவு, காய்ந்த காஞ்சொறி வகை இலைப் பொடி, சுண்ணாம்புச் சத்து எல்லாம் குழைத்து ஒரு பசை செய்து ஊட்டி வளர்த்தார்கள். அப்படியும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. ராயாட்டியா தீவைச் சேர்ந்த ஓர் இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டன் காட்சிச் சாலையில் இறந்தது. ஒட்டுண்ணி நோய். அத்தோடு அந்த இனமே முடிந்தது. ஓர் இனம் அழிந்த இடமும் மாதமும் இப்படித் துல்லியமாகத் தெரிவது அபூர்வம்.

ஹவாயில் இன்னும் கடினம். அங்குள்ள மர நத்தைகள் இலையையே தின்பதில்லை. இலைமேல் படர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைப் படலத்தை மட்டும் நாக்கால் சுரண்டும். இலைக்கு ஒரு கீறலும் விழாது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மலையிலிருந்து ஓஹியா மரக் கிளைகளை வெட்டி வந்து கொடுத்தார்கள். போதவில்லை. இலையிலிருந்து அந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்து, ஆய்வகத் தட்டில் தனியாகப் பயிரிட்டு ஊட்டினார்கள். ஒரு நத்தைக்காக ஒரு பயிர்!

அங்கே வளர்ந்த நத்தைகளில் ஒன்றுக்கு ஜார்ஜ் என்று பெயர். 1997இல் அதன் இனத்தில் கடைசியாகக் கிடைத்த பத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றின் வழியில் பிறந்தது ஜார்ஜ். மற்றவை எல்லாம் இறந்துபோக, துணை தேடிக் காடெல்லாம் அலைந்தும் இன்னொன்று அகப்படவில்லை. 2019 ஜனவரி 1 அன்று, 14ஆம் வயதில் ஜார்ஜ் இறந்தது. மேலை அறிவியல் உலகம் முதன்முதலாகப் பதிவு செய்த ஹவாய் நில நத்தை இனம் அதுதான். 1780களில் ஒரு கப்பல் தலைவருக்கு அன்பளிப்பாகக் கிடைத்த ஓட்டு மாலையிலிருந்து அது உலகத்துக்குத் தெரியவந்தது. மாலையில் தொடங்கி, பெட்டிக்குள் ஒற்றை நத்தையாக முடிந்தது.

முழுக்கச் சோகக் கதை இல்லை, பிள்ளைகளே. 2015 முதல் பார்ட்டுலா நத்தைகளை மறுபடி அவற்றின் தீவுகளிலேயே விட்டுவருகிறார்கள். அடையாளத்துக்கு ஓட்டில் ஒரு பொட்டு வண்ணம் வைத்து அனுப்புகிறார்கள். பொட்டில்லாத பெரிய நத்தை காட்டில் கிடைத்தால், அது அங்கேயே பிறந்து வளர்ந்தது என்று அர்த்தம். மூரியா இனம் ஒன்றில் அப்படிக் கிடைத்திருக்கிறது. 'காட்டில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து அந்த இனத்தை 2024இல் எடுத்துவிட்டார்கள். பசை குழைத்து ஊட்டியவர்களின் நாற்பது ஆண்டு உழைப்பு அது.

இந்த நத்தை வளர்க்கும் குடும்பங்களுக்கு மூன்று வார்த்தை சொல்லி முடிக்கிறேன். ஒன்று, தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். தோட்டத்தில் திரியும் ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் எடுக்கவே விடாதீர்கள்; எலியிலிருந்து அதற்கு வரும் ஒரு புழு, மனிதரின் மூளைச் சவ்வையே தாக்கும். இரண்டு, கூட்டில் முட்டையைக் கண்டால் அப்படியே குப்பையில் கொட்டாதீர்கள். ஃப்ரீசரில் ஒன்றிரண்டு நாள் வைத்துவிட்டுப் பிறகு எறியுங்கள். மூன்று, சலித்துப்போனாலும் இரக்கப்பட்டாலும் வெளியே விடாதீர்கள். கல்கத்தாவில் விட்டவரும் மயாமியில் விட்டவரும் கெட்டவர்கள் இல்லை.

ஹவாயில் இன்று மிச்சமிருக்கும் நத்தைகளுக்காகக் காட்டுக்குள்ளேயே வேலி போட்டிருக்கிறார்கள். மின்கம்பி வைத்த வேலி. வாரோ சொன்ன வேலி, நத்தை வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்காக. இந்த வேலி, வெளியே இருப்பது உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. முதல் வேலியைச் சரியாகப் போட்டிருந்தால் இரண்டாவதற்கு வேலை இருந்திருக்காது.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.