சூடோமோனாஸ் பாரதிகா

பெங்களூரில் பெட்ரோல் நிலையம் ஒன்றின் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியா. நாப்தலீன் முதலான அரோமாட்டிக் மாசுகளைச் சிதைத்து, அவற்றையே உணவாக்கி வளர்வது. ஆய்வுக்கூடக் குறியீடு சி.எஸ்.வி.86.

இதன் முதல் ஆய்வுகள் இந்திய அறிவியல் கழகத்தில் சி. எஸ். வைத்தியநாதன் குழுவில் நடந்தன. மெத்தில்நாப்தலீன்களை இது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சிதைப்பதற்கான சான்றுகளை மகாஜன், பிரசாந்த் பாலே, வைத்தியநாதன் ஆகியோர் 1994-இல் வெளியிட்டனர். அப்போது இது சூடோமோனாஸ் புட்டிடாவின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டது. பின்னர் பாலே மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வைத் தொடர்ந்தார்.

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் இரண்டு கார்பன் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு, எளிதில் உடையாது. பாக்டீரியா முதலில் ஆக்சிஜனைச் சேர்த்து ஒரு வளையத்தைத் திறக்கிறது. அதிலிருந்து சாலிசிலேட், பிறகு கேட்டகால் உருவாகின்றன. கேட்டகாலின் வளையமும் பிளந்ததும் மிஞ்சும் துண்டுகள் செல்லின் ஆற்றல் சுழற்சியில் கலந்துவிடுகின்றன.

இவ்வளவையும் வேறு பல சூடோமோனாஸ்களும் செய்யும். இதன் தனித்தன்மை 2006-இல் பாலே குழு விரிவாக விளக்கிய உணவுத் தேர்வில் இருக்கிறது. குளுக்கோஸும் மாசும் சேர்ந்து கிடைத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் குளுக்கோஸைத்தான் முதலில் எடுக்கும். இதுவோ அரோமாட்டிக் பொருளைத் தீர்த்த பிறகே குளுக்கோஸுக்கு வரும். வேர்க்கசிவும் மட்கிய இலையும் மண்ணில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. மாசு அப்படியே கிடந்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ஆய்வுக்கூடத்தைவிட வயலுக்குத்தான் இந்தக் குணம் பெரிதும் வேண்டியது.

மரபணுத்தொகுதியை ஒப்பிட்டபோது இது புட்டிடாவிலிருந்து வேறுபட்டது தெரிந்தது. 2022-இல் தனி இனமாக அறிவிக்கப்பட்டு, பாரதத்தின் பெயரைப் பெற்றது.

இந்த ஆய்வின் அடுத்த கட்டம் கார்பரில். போபால் யூனியன் கார்பைடு ஆலை 'செவின்' என்ற பெயரில் தயாரித்த பூச்சிக்கொல்லி இதுவே. 1984 டிசம்பரில் அங்கு கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதன் தயாரிப்புக்கான மூலப்பொருள். மாமரத் தத்துப்பூச்சிக்குப் பரிந்துரைக்கப்பட்டுவந்த கார்பரிலை இந்தியா 2018 ஆகஸ்டில் தடைசெய்தது. அது சிதையும்போது உண்டாகும் 1-நாப்தால் செல்லுக்கே நஞ்சு. கார்பரிலை உடைக்கும் திறனை மரபணுப் பொறியியல் மூலம் பாரதிகாவுக்கு ஊட்டிய ஆய்வு 2024-இல் வெளியானது.

பூச்சிக்கொல்லி அடிக்கப்படும் பாலக்காட்டின் முதலமடை மாந்தோப்புகளையும் இடுக்கியின் ஏலத் தோட்டங்களையும் நினைத்தால் இந்த ஆய்வின் தேவை புரியும். 2023-இல் ஏலத்துக்குத் தடைசெய்யப்படும்வரை அடிக்கப்பட்டுவந்த குயினால்பாஸிலும் அரோமாட்டிக் வளையம் உண்டு. ஆனாலும் கார்பரிலில் பெற்ற வெற்றியை அப்படியே அதற்குப் பொருத்திவிட முடியாது; பெருமழை பெய்யும் அமில மலைமண்ணில் தனியாகச் சோதித்தாக வேண்டும். மரபணு மாற்றிய வகையைத் திறந்த மண்ணில் விட, 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலும் தேவை.