பதினாறு திருத்தங்களும் நாற்பது வருஷமும்

பொம்மையார்பாளையத்துக்குத் தெற்கே, கடலோரமாகவே போனால் புதுச்சேரி. 1703 நவம்பரில் அங்கே கப்பலில் வந்து இறங்கினார் தூர்னோன். போப் பதினோராம் கிளமெண்டின் தூதர். சீனாவுக்குப் போகிற வழியில் இங்கேயும் ஒரு வேலை இருந்தது. சேசு சபைப் பாதிரிமார் தமிழ்க் கிறிஸ்தவர்களை நடத்தும் விதம் சரிதானா என்று பார்ப்பது.

கொஞ்சம் பின்னாடி போகணும். 1606ல் மதுரை வந்த நொபிலி, சந்நியாசி போல வாழ்ந்து, பூணூல், குடுமி, சந்தனமெல்லாம் வெறும் ஊர் வழக்கம்தான் என்று வாதாடினார். 1623ல் ரோம் அதை ஒத்துக்கொண்டது. கூடவே, தாழ்த்தப்பட்டவர்களை இகழாதீர்கள் என்று ஒரு புத்திமதியும் சொன்னது. அனுமதியை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். புத்திமதி என்ன ஆச்சு?

தூர்னோன் புதுச்சேரியில் இருந்தது எட்டு மாசம். பெரும்பாலும் உடம்பு சரியில்லை. மதுரைப் பக்கம் போகவே இல்லை. இரண்டு பாதிரிகளிடம் விசாரித்தார். 1704 ஜூலையில், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், பதினாறு பிரிவுள்ள ஆணையை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, திருநீறு கூடாது, மாதவிலக்கான பெண்களைத் திருவிருந்திலிருந்து விலக்கக் கூடாது... இப்படிப் போகிறது பட்டியல்.

பாதிரிமாருக்குக் கோபம். நியாயமும் இருந்தது. ஊரையே பார்க்காதவர் திருத்த வந்தால்? கோட் ரிவ்யூவில் தினமும் பார்க்கிற விஷயம்தான் இது. "இந்த ப்ராஜெக்ட் பற்றி அவருக்கு என்ன தெரியும்?" என்றுதான் முதலில் கேட்போம். அவர் காட்டிய பிழை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பது அப்புறம்தான்.

அந்தப் பதினாறில் ஒன்று இதுதான்: சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் போய் பாதிரியார் திருச்சடங்கு தர வேண்டும். அதுவரை நோயாளியை வெளியே தூக்கி வரச் சொல்வது வழக்கம். வீட்டுக்குள் நுழைந்தால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள் என்ற பயம். தாலி விஷயத்தில் தூர்னோனுக்கு ஊர் புரியவில்லை என்று வாதாடலாம். இந்தப் பிரிவுக்கு என்ன பதில் சொல்வது?

ரோமுக்கு ஆள் போனது, முறையீடு போனது, நாற்பது வருஷமும் போனது. 1744ல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடித்து வைத்தார். பாதிரிமார் சத்தியப் பிரமாணம் செய்து கீழ்ப்படிந்தார்கள். ஆனால் பறையருக்கென்று தனிப் பாதிரிமாரை வைக்கிறோம் என்று சொல்லி, அதற்குச் சம்மதமும் வாங்கினார்கள். உத்தரவுக்குப் பணிந்தாச்சு, சாதியும் பத்திரமாக இருந்தது!

1940ல் ரோமே அந்தப் பிரமாணத்தை நீக்கிக்கொண்டது. திருத்தியவரும் திருந்தினார் என்பது எனக்குப் பிடித்த பகுதி.

பிடிக்காத பகுதியும் உண்டு. 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 1623ல் சொன்ன புத்திமதி இன்னும் கேட்கப்படாமல்தான் இருக்கிறது. தாழ்மை என்பது தலை குனிவது மட்டும் இல்லீங்க. சொன்னவர் யாராக இருந்தாலும், சொன்னதில் எது உண்மை என்று தேடி எடுத்து அதைச் செய்வது. வீட்டுக்குள் போவது.