தலையில் விழுந்த அடிகளும் ஓர் அளவுகோலும்



நம் தலைவர்களைப் பற்றியோ நம் இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதுதான் இந்த நினைவுச் சொற்பொழிவின் வழக்கம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் மண்டையடியைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தாய்மாமன் வடசென்னையில் குத்துச்சண்டை போட்டவர். ஐம்பதைத் தாண்டியதும் பகல் வெளிச்சம் அவருக்கு ஆகாமல் போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்துவிடும். சொந்தத் தெருவிலேயே வீடு தெரியாமல் நிற்பார். சட்டென்று கை நீளும். 'குடிச்சுக் குடிச்சு மூளை கெட்டுப்போச்சு' என்றார்கள் அக்கம்பக்கத்தில். நாங்களும் நம்பினோம். அவர் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது, அவர் இறந்து பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்தில் நோயின் பெயராகவே இருந்திருக்கிறது. 1928இல் நியூ ஜெர்சியின் நோய்க்குறியியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'பஞ்ச் டிரங்க்'. குத்து வாங்கியே போதையேறியவன் என்று வைத்துக்கொள்ளலாம். குத்துச்சண்டை அரங்கில் ரசிகர்கள் கேலியாகச் சொன்ன சொல்லை அவர் மருத்துவ ஏட்டுக்குக் கொண்டுவந்தார். தள்ளாடும் நடை, நடுங்கும் கை, குழறும் பேச்சு, மங்கும் அறிவு. கடிகார முகப்புகளில் ரேடியம் பூசி நஞ்சேறிச் செத்த தொழிற்சாலைப் பெண்களின் நோயை நிறுவியவரும் இதே மார்ட்லண்ட்தான். உழைப்பாளியின் உடம்பைப் படிக்கத் தெரிந்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

1973இல் இங்கிலாந்தில் கோர்செல்லிஸ் குழுவினர் 15 முன்னாள் குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து சிதைவை வரிசையாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் இது குத்துச்சண்டைக்காரனின் தலைவிதி, மற்ற ஆட்டங்களுக்குச் சம்பந்தமில்லை என்றே பேசப்பட்டது. 2002 அந்தச் சுவரில் விரிசல் விட்ட ஆண்டு. ஜனவரியில் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸில் 59 வயதில் இறந்தார். ஆயிரக்கணக்கான முறை பந்தைத் தலையால் முட்டியவர். மரண விசாரணை அதிகாரி அவர் சாவைத் 'தொழில்நோய்' என்று பதிவு செய்தார். தொழில்நோய்! மைதானத்தில் நடந்தது வேலை என்பதை ஒரு அரசு ஆவணம் ஒப்புக்கொண்ட இடம் அது.

அதே ஆண்டு செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். தலைக்கவசத்தோடு மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் நட்சத்திரமான அவர், கடைசிக் காலத்தில் பல இரவுகள் தன் வண்டியிலேயே படுத்துக் கிடந்தவர். அவர் மூளையை வெட்டிப் பார்த்தவர் நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு. 2005இல் கட்டுரை வெளிவந்ததும், தேசியக் கால்பந்து லீக் நியமித்திருந்த மூளைக்காயக் குழுவின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அந்தக் குழுவுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர் மூட்டுவாத மருத்துவர். மூளைக்கும் மூட்டுக்கும் என்ன உறவோ.

ஆனால் என்னைத் தூங்கவிடாத கதை ஜான் மாக்கியுடையது. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் கறுப்பின வீரர். எண் 88. ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்து, வீரன் விரும்பிய அணிக்குப் போகவிடாமல் முதலாளிகள் கட்டிவைத்திருந்த விதியை எதிர்த்து வழக்காடி 1976இல் வென்றவர். புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைக்க 1992 வரை ஆயிற்று. சங்கம் வைத்ததற்கான தண்டனை என்றே பலரும் கருதினார்கள். பிறகு மறதி வந்தது. விமான நிலையச் சோதனையில் வெற்றி மோதிரத்தைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார், சண்டைக்குப் போவார். குளிக்க மறுப்பார். மனைவி சில்வியா ஒரு வழி கண்டுபிடித்தார். குளிக்க வேண்டும் என்று லீக் உத்தரவிட்டதுபோல ஒரு கடிதத்தைத் தானே தயாரித்துக் காட்டினார். லீக் சொன்னால் ஜான் கேட்பார். மருத்துவக் காப்பீட்டுக்காக அந்த அம்மா விமானப் பணிப்பெண் வேலைக்குத் திரும்பினார். லீக்கின் தலைவருக்கு அவர் எழுதிய உண்மையான கடிதத்தின் விளைவாகத்தான், மறதிநோய் கண்ட முன்னாள் வீரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை தரும் திட்டம் 2007இல் வந்தது. ஜானின் சட்டை எண்தான் அதன் பெயர். 2011இல் ஜான் இறந்தார்.

சமாளிப்பது என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள் இப்படிப் பெண்களின் கூலியில்லா உழைப்பு எவ்வளவு கிடக்கிறது!

மருத்துவமும் இதில் தடுமாறியே வந்திருக்கிறது. அடிபட்டவரை இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கப்போடு என்பதுதான் பழைய அறிவுரை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் மாநாடு அதை ஏற்கவில்லை. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு தலைவலி பெரிதாக ஏறாத அளவுக்கு நடை, மெல்ல மெல்லக் கூடுதல் அசைவு என்றது. இது புதிதாக அடிபட்டவருக்கு உதவும். அடிமேல் அடி வாங்கிச் சிதைந்த மூளையை மீட்க மருந்து கிடையாது. தூக்கம், ஒழுங்கான நாள், குறிப்பேட்டில் எழுதிவைப்பது, கோபம் வரும்போது விலகி நிற்பது, பக்கத்தில் ஆள். இவ்வளவுதான்.

இனி இந்த மேடைக்கு நான் இதைக் கொண்டுவந்த இடத்துக்கு வருகிறேன். லீக் மீது முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 2015இல் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இழப்பீடு வேண்டுமானால் அறிவாற்றல் தேர்வில் வீழ்ச்சி தெரிய வேண்டும். வீழ்ச்சி என்றால் எங்கிருந்து? அதற்கு இரண்டு கோல் வைத்திருந்தார்கள். கறுப்பருக்குத் தொடக்க அறிவு வெள்ளையரைவிடக் குறைவு என்று கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மதிப்பெண் எடுத்தால், வெள்ளையர் நோயாளி ஆவார்; கறுப்பர் 'உனக்கு இது இயல்புதானே' என்று திருப்பி அனுப்பப்படுவார். ஆடியவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர். நஜே டேவன்போர்ட்டின் கோரிக்கை முதலில் ஏற்கப்பட்டது. இனக்கோலை வைத்து அளக்கவில்லை என்று லீக் மேல்முறையீடு செய்தது. 2020இல் அவரும் கெவின் ஹென்றியும் நீதிமன்றம் போனார்கள். 2021இல் முன்னாள் வீரர்களும் மனைவியரும் சுமார் 50,000 கையெழுத்துகளோடு பிலடெல்பியா நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அதன் பிறகே லீக் அந்தக் கோலைக் கைவிட இசைந்தது. மறுமதிப்பீட்டில் நூற்றுக்கணக்கான கறுப்பின வீரர்கள் உதவிக்குத் தகுதி பெற்றார்கள்.

நமக்கு இந்தக் கோல் புதிதா? 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி மூக்கை அளந்து சாதிக்கு உயரம் குறித்தார். 1948இல் அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் குறித்த நூலில், அளவெடுத்தவர்களின் மூக்கு எண்களையே எடுத்துவைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனமல்ல என்று காட்டினார். கோலை மட்டுமல்ல, கோல் பிடித்த கையையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இந்த உரையை எழுதும்போது என் அத்தையிடம் சில்வியாவின் பொய்க் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அத்தை சிரித்தார். "வாத்தியார் கூப்புடுறாருன்னு சொல்லித்தான் உன் மாமனைக் குளிக்க வெப்பேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தம்மா வேலைக்குப் போனா அவரை யாரு பாத்துக்கிட்டது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "நான் இட்லிக் கடைக்குப் போறப்ப கதவை வெளிய பூட்டிட்டுத்தான் போவேன். உள்ள தட்டிக்கினே இருப்பாரு."