கல்லுக்குள் தேரை: செஞ்சி வரலாற்றில் விட்டுப்போன ஒரு குடி

செஞ்சின்னு சொன்னாலே நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது தேசிங்கு ராஜாவும் அவரோட குதிரையும்தான். 1960-ல் வந்த படத்தைப் பார்த்தவங்களுக்குக் கூடவே எம்.ஜி.ஆரும் வருவார் :-) கொஞ்சம் வரலாறு படிக்கிற ஆளா இருந்தா வரிசையா ஒப்பிப்பாங்க: கோனார்கள், விஜயநகர நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1714-ல் தேசிங்கு சாவு, ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரன், 1761-ல் வெள்ளைக்காரன்.

இந்த வரிசையில் வராத, ஆனா இவங்க எல்லாருக்கும் முந்தின குடி ஒண்ணு செஞ்சிப் பக்கத்தில் இருக்கு. ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பாறை இடுக்கு போதும் அதுக்கு. அது ஒரு தேரை. சிரிக்காதீங்க மக்களே, விஷயம் இருக்கு.

விலங்கியல்காரங்க வைத்த பெயர் டட்டாஃப்ரைனஸ் ஹோலோலியஸ். செஞ்சியை ஒட்டின பக்கமலை காப்புக்காட்டில் இது இருப்பதை 2010-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு முந்தைய கதைதான் சுவாரசியம்.

1876-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆல்பர்ட் குந்தர் என்ற ஜெர்மன்காரர் இந்தியாவிலிருந்து வந்த ஊர்வன, தவளை வகைகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுகிறார். அதில்தான் இந்தத் தேரை 'பியூஃபோ ஹோலோலியஸ்' என்ற பெயரில் முதல் தடவையாக அச்சேறுகிறது. ஊர்? 'மலபார்' என்று ஒற்றைச் சொல். அந்தக் காலத்துச் சீட்டுகளில் மலபார் என்றால் எந்த மலை, எந்த ஆறு என்று யாரும் கேட்கக் கூடாது! 1890-ல் பூலஞ்சர் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதியிலும் அதே மலபார்தான்.

ஒரு சீட்டில் எழுதின ஒரு சொல், நூறு வருஷத்துக்கு மேல் எல்லாரையும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமே பார்க்க வைத்தது. ஆனால் பிற்காலத்தில் இந்தத் தேரை கிடைத்த இடங்களோ ஆந்திராவில் நாகார்ஜுனசாகர், இந்தப் பக்கம் செஞ்சி என்று எல்லாம் கிழக்கே இருக்கும் காய்ந்த பாறை நாடு. மழைக்காட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பெயர் மாறின கதையையும் சொல்லிடறேன். 2006-ல் உலகத் தவளைகளையெல்லாம் மரபணு வைத்துத் திரும்ப அடுக்கினார்கள். அப்போது நம்மூர்த் தேரைகள் பலவும் பியூஃபோவிலிருந்து பிரிந்து டட்டாஃப்ரைனஸ் ஆயின. இந்தியத் தவளை ஆய்வில் பெரிய ஆளான சுஷில் குமார் தத்தாவின் பெயரும், தேரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது அது. ஹோலோலியஸ் என்றால் 'முழுக்க வழுவழுப்பு' என்று பொருள் கொள்ளலாம்.

அந்தப் பெயரிலேயே பாதி அடையாளம் இருக்கு. நம்ம வீட்டுக் குளியலறை மூலையில் உட்கார்ந்திருக்குமே சாதாரணத் தேரை, அது உள்ளங்கையை நிறைக்கும், முதுகெல்லாம் சொறி, கண்ணுக்கு மேலே மை தீட்டின மாதிரி கறுப்பு வரம்பு. செஞ்சித் தேரை அப்படியில்லை. மூன்று நாலு சென்டிமீட்டர்தான். தலையில் எலும்பு வரம்பே கிடையாது. முதுகுத் தோல் ஏறக்குறைய வழவழ. செவிப்பறை மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நச்சுச் சுரப்பி கூடப் புடைத்து நிற்காமல் தட்டையாக அழுந்திக் கிடக்கும். மொத்த உடம்புமே யாரோ கட்டைவிரலால் அமுக்கி விட்ட மாதிரி தட்டை.

ஏன் தட்டை? அங்கேதான் செஞ்சி மலை வருது. கோடிக்கணக்கான வருஷமா மேலே இருந்த பாரம் கரைந்து போய், வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, இந்தக் கருங்கல் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. உருண்டைப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிகின்றன. வெளியே கால் வைக்க முடியாத சூடு. இடுக்குக்குள்ளே நிழல், கொஞ்சம் ஈரம். தேரைக்குத் தண்ணி குடிக்க வாய் வேண்டாம், அடிவயிற்றுத் தோல் வழியா உறிஞ்சிக்கும். ஆக, அந்த ஈரத்தோடு ஒட்டிப் படுக்கத் தட்டை உடம்பு ரொம்ப வசதி.

யோசித்துப் பாருங்க. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் கோட்டை ஆனதற்குக் காரணமும் இதே பாறைதானே? 1690-லிருந்து 1698 வரை எட்டு வருஷம் சுல்பிகார் கானின் மொகலாயப் படை ராஜாராமுக்காகக் கீழே காத்துக் கிடந்ததும் இந்தப் பாறையால்தான். மராட்டியனைக் காத்த அதே வகைக் கல்தான் பக்கமலையில் தேரையையும் காக்கிறது.

'கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான்' என்று நம்ம பாட்டிகள் சொல்வதுண்டு. ஐரோப்பாவிலும் கல்லை உடைத்தால் உள்ளே உயிரோடு தேரை இருக்கும் என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. இதைச் சோதிக்க 1825-ல் இங்கிலாந்தில் வில்லியம் பக்லண்ட் என்ற பாதிரியார்-புவியியலாளர் 24 தேரைகளைக் கல்லில் குடைந்த குழிகளில் வைத்து மூடி, தன் தோட்டத்தில் புதைத்தார். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால், மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. நுண்துளை உள்ள சுண்ணாம்புக்கல்லில் சில பிழைத்திருந்தன. மறுபடி மூடினார், அவையும் போயின. பாவம்!

மூடின கல்லுக்குள் எந்தத் தேரையும் வாழாது, சரி. ஆனால் பாட்டி சொன்னதில் கண்ணால் பார்த்த ஒரு உண்மை இருக்கு: கல் இடுக்கிலேயே குடித்தனம் பண்ணும் தேரை நிஜமாகவே உண்டு. கல்லைப் புரட்டினவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

சந்தோஷ சமாச்சாரம் ஒன்று: 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை நம்ம செஞ்சி ஒன்றுதான். கோட்டைச் சுவருக்குத் தொல்லியல் துறை காவல், பக்கமலைக்கு வனத்துறை காவல். நடுவில் பேர் கூட இல்லாத பாறைக் குன்றுகள் எத்தனை! அதற்கு யார் காவல்? வட தமிழ்நாட்டில் குன்றைப் பார்த்தால் ஜல்லியாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். காட்டை வெட்டினால் மரம் நட்டு ஈடு கட்டுகிறோம் என்றாவது சொல்லலாம். உடைத்த பாறையை எப்படி நடுவது? கல் போனால் இடுக்கு போச்சு, இடுக்கு போனால் தேரையும் போச்சு.

அடுத்த தடவை செஞ்சிப் பக்கம் போனீங்கன்னா, தேசிங்குக்கு ஒரு கும்பிடு போடுங்க. வழியில் கிடக்கிற கல்லை மட்டும் புரட்டிப் பார்க்காதீங்க. உள்ளே குடியிருப்பவர் ராஜாக்களுக்கெல்லாம் சீனியர் :-)